காலை ஏழே முக்காலுக்கு அஞ்சல்பெட்டியைத் திறக்கத்தான் வேண்டுமா?

சென்னை வேளச்சேரியில் வீடு, துரைப்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் அலுவலகம், ஆறு வயதில் ஒரு மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளொன்றுக்கு நூறுக்குக் குறையாமல் மின்னஞ்சல் வருகிறது. எழுந்ததும் கைப்பேசியில் அதைத்தான் பார்க்கிறீர்கள், படுக்கும் முன்னும் அதைத்தான் பார்க்கிறீர்கள். உங்கள் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் விரிந்து கிடக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட அதன் கரையில் போய் நின்றதில்லை. "எனக்கு மனவுறுதி போதவில்லையா, அல்லது இந்த வேலையே இப்படித்தானா?" என்பது உங்கள் கேள்வி.

இரண்டுமே இல்லை என்பது என் பதில். இருபத்திரண்டு ஆண்டுகள் அலுவலகங்களின் மின்னஞ்சலை வாங்கியும் அனுப்பியும் வைக்கும் கணினிகளான சர்வர்களைப் பராமரிப்பதே எனக்குத் தொழிலாக இருந்தது. அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள், வாரத்தில் இரண்டு காலையாவது, நீங்கள் ஜன்னலில் பார்க்கும் அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். அஞ்சல் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதையும், அந்த நிலம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் சிக்கலின் வேர், கடிதமாகப் பிறந்த ஒன்றை நாம் தொலைபேசி அழைப்பாக நடத்தத் தொடங்கியதில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாக அஞ்சல் அனுப்பியபோது, அந்த இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுந்து நான்கடி நடந்தாலே செய்தியைச் சொல்லியிருக்கலாம். ஆயினும் எதிர்முனையில் ஆள் இருக்க வேண்டியதில்லை, அவர் வரும்போது படித்துக்கொள்வார் என்பதுதான் அந்தக் கருவியின் பயன். பெறுபவரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட டாம்லின்சன் தேர்ந்தெடுத்த @ என்ற சுழிக் குறியைத்தான் இன்றும் நம் முகவரிகளில் 'அட்' என்று படிக்கிறோம்.

1982இல் இதற்கு ஒரு பொது நெறிமுறை வகுக்கப்பட்டது. எஸ்.எம்.டி.பி. என்ற அந்த நெறிமுறையின் வழியேதான், பல திருத்தங்களுடன், இன்றும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்திற்கு அஞ்சல் போகிறது. அதன் நடைமுறையைக் கொஞ்சம் அருகில் சென்று பாருங்கள். அனுப்பும் சர்வர் பெறும் சர்வரின் கதவைத் தட்டுகிறது. பெறும் சர்வர் ஓர் எண்ணால் பதில் சொல்கிறது. அந்த எண் 5இல் தொடங்கினால் 'இந்தக் கடிதத்தை ஏற்க முடியாது, திருப்பி எடுத்துச் செல்' என்று பொருள். 4இல் தொடங்கினால் 'இப்போது முடியவில்லை, பிறகு வா' என்று பொருள். பிறகு வா என்று சொல்லப்பட்ட கடிதம் அழிக்கப்படுவதில்லை. அது வரிசையில் வைக்கப்படுகிறது. மறுமுறை தட்டுவதற்கு முன் பொதுவாகக் குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்றும், முயற்சியைக் கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாட்களாவது மீண்டும் மீண்டும் தட்டிப் பார்க்க வேண்டும் என்றும் நெறிமுறை அறிவுறுத்துகிறது. நான்கைந்து நாட்கள்! இந்த முறையை வகுத்தவர்கள் பெறுபவரின் கதவு சில நாள் மூடியிருப்பதை இயல்பான ஒன்றாகவே எண்ணி, அதற்கு இடம் விட்டு வைத்தார்கள்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து அறியவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் நான் பணியாற்றிய அலுவலகத்தின் கீழ்த்தளம் மூழ்கியது, மின்சாரம் போனது, சர்வர்கள் நின்றன. மூன்று நாட்களுக்குப் பிறகு ஒரு மாலையில் அவற்றை மீண்டும் இயக்கிவிட்டு, கறுப்புத் திரையில் பதிவு வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் இரண்டு நிமிடங்களுக்கு ஒன்று, பிறகு நொடிக்கு ஒன்று, பிறகு கண்ணால் தொடர முடியாத வேகத்தில் கடிதங்கள் வந்து இறங்கின. லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவரவர் சர்வர்கள் மூன்று நாளாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. வரிசையை அடுத்த நாள் முழுதும் சரிபார்த்தேன். ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. ஏன் பதில் வரவில்லை என்று சினந்து கேட்டவர் எவரும் இல்லை. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டவர்களே பலர். அதே மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டிய பரப்பில் பெரும்பகுதியை நாம் கட்டடங்களாலும் சாலைகளாலும் குப்பையாலும் நிரப்பியிருந்தோம். நீரின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

அப்படியானால் இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் நாம்தான் போய் அஞ்சலை எடுத்து வந்தோம். கணினியைத் திறந்து 'அனுப்பு, பெறு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் கடிதம் வரும். கைப்பேசியில் அஞ்சல் வரத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. கடிதம் சர்வரில் விழுந்த கணத்திலேயே கருவி அதிர்ந்தது அல்லது அதன் மூலையில் ஒரு சிறு விளக்கு மினுங்கியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல முன்னேற்றந்தான். அதை அமைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் யாருடைய நேரத்தில் கடிதம் படிக்கப்படும் என்ற முடிவு, பெறுபவரின் கையிலிருந்து அனுப்புபவரின் கைக்கு அன்று போய்விட்டது. அந்த மாற்றத்தைப் பற்றி அலுவலகத்தில் எவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கருவி உடனே சொல்லும் என்பதால் மனிதரும் உடனே பதில் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு தானாக வளர்ந்தது. உடனே பதில் சொல்பவருக்கு மேலும் கடிதங்கள் வந்தன. பதிலுக்குப் பதில் வந்தது. உங்கள் நூறு கடிதங்களில் எத்தனை, நீங்கள் அனுப்பிய விரைவான பதிலின் பிள்ளைகள் என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். மனவுறுதியைப் பற்றி நீங்கள் உங்களைக் கடிந்துகொள்வது இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் உடன் பணியாற்றியோரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அலுவலகத்தின் 13 பேருக்கு ஐந்து வேலை நாட்கள் மின்னஞ்சலை நிறுத்திவிட்டு, இதயத் துடிப்பை அளக்கும் கருவியையும் பொருத்தினார்கள். அந்த நாட்களில் அவர்கள் திரையில் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது குறைந்தது. துடிப்பின் ஏற்ற இறக்கமும் மன அழுத்தம் தணிந்ததைக் காட்டியது. பதின்மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். உங்களுக்கு இன்னும் பயன்படக்கூடியது 2015இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் கோஸ்டடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் வெளியிட்ட ஆய்வு. 124 பேரிடம், ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் அஞ்சலைப் பார்க்கவும், இன்னொரு வாரம் விரும்பியபோதெல்லாம் பார்க்கவும் சொன்னார்கள். மூன்று முறையோடு நிறுத்த முயன்ற வாரத்தில் அன்றாட மன அழுத்தம் குறைந்திருந்தது. அவ்வாறு நிறுத்திக்கொள்வது கடினமாக இருந்தது என்று பங்கேற்றவர்கள் சொன்னதையும் மறைக்க வேண்டியதில்லை. கடினம் என்று தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே கைவிட்டுவிட மாட்டீர்கள்.

வெளியில் இருப்பதன் பயனைப் பற்றிய சான்றுகளில் நான் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு எக்ஸெடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை, வாரத்தில் குறைந்தது 120 நிமிடங்கள் இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் சரி, பல சிறு நடைகளாகக் கழித்தாலும் சரி, வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியில் போகிறார்கள் என்ற விளக்கத்தை இத்தகைய ஆய்வு முழுமையாக விலக்கிவிடாது. சென்னையின் மே மாதத்திற்கும் இங்கிலாந்தின் மே மாதத்திற்கும் உள்ள தொலைவும் நமக்குத் தெரியும். ஆயினும் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்பது உங்கள் வாழ்க்கையில் இடம் பிடிக்கக்கூடிய ஓர் அளவு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது சான்று உங்கள் ஜன்னலுக்கே உரியது. ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை ஒப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. உங்களுக்கோ ஜன்னல் இருக்கிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வேறு எதையும் செய்வதற்கு முன் நாற்காலியையும் மேசையையும் திருப்பிப் போட முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வெளிச்சம் திரையில் பட்டுக் கூசினால் பக்கவாட்டில் வருமாறு வையுங்கள்.

இனி அஞ்சலுக்கான ஏற்பாடுகள். உங்கள் வாடிக்கையாளர்கள் நியூ ஜெர்சியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளத் தகும்: அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு, குளிர்காலத்தில் பத்தரை. மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு நீங்கள் கைப்பேசியைத் திறக்கும் காலை ஏழே முக்கால் மணி, அவர்களுக்கு முந்தின நாள் இரவு பத்தே கால் அல்லது ஒன்பதே கால். அவர்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தாங்களும் படுக்கப் போகும் நேரம் அது. நீங்கள் அந்த நேரத்தில் அனுப்பும் பதில், அவர்கள் மறுநாள் அலுவலகம் வரும்வரை, பத்து மணி நேரத்திற்கு மேலாகப் படிக்கப்படாமல் கிடக்கும். பத்து மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினாலும் அதே நேரத்தில்தான் படிக்கப்படும். ஆகவே காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பது மணி வரை அஞ்சலைத் திறக்காமல் இருப்பதால் நியூ ஜெர்சியில் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை. வாடிக்கையாளர்கள் கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் இதே கணக்கு செல்லாது. அங்கே அது மாலை ஏழேகால் அல்லது ஆறேகால், சிலர் இன்னும் அலுவலகத்தில் இருப்பார்கள்.

அடுத்தது நகல் கடிதங்கள். 'சிசி'யில் உங்கள் பெயர் இருக்கும் கடிதங்களையும், ஒரு குழு முழுவதற்கும் போகும் கடிதங்களையும் தனிக் கோப்புறைக்குத் தானாகவே அனுப்பிவிடப் பெரும்பாலான அஞ்சல் மென்பொருள்களில் விதி அமைக்க முடியும். பெறுநர் இடத்தில் உங்கள் பெயர் நேராக இருப்பவை மட்டும் முதல் பக்கத்தில் நிற்கட்டும். நான் இந்த விதியை அமைத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர், முதல் பக்கத்தில் மிஞ்சியவை பாதிக்கும் குறைவு என்றே சொன்னார்கள். அந்தக் கோப்புறையை நாளுக்கு ஒரு முறை, மாலையில், மேலோட்டமாகப் பாருங்கள், போதும். எல்லோருக்கும் ஒருசேரப் பதில் அனுப்பும் 'ரிப்ளை ஆல்' பொத்தானை நீங்களும் குறைத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரங்களில் வரத்தும் குறையும்.

கைப்பேசியில் அஞ்சலின் அறிவிப்பை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். ஒலி, அதிர்வு, செயலியின் மூலையில் தோன்றும் எண் ஆகிய மூன்றையும். அமைப்பில் 'தானாகப் பெறு' என்றிருப்பதை 'நான் திறக்கும்போது மட்டும் பெறு' என்று மாற்றினால், கடிதம் எப்போது வர வேண்டும் என்ற முடிவு மீண்டும் உங்கள் கைக்கு வரும். இரவில் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், ஆனால் காலையில் போகுமாறு நேரம் குறித்து வையுங்கள். இந்த வசதி இன்று பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் உண்டு. உங்களுக்குக் கீழே பணியாற்றுபவர்களுக்கு இது நீங்கள் செய்யும் பெரிய உதவி. குழுத் தலைவர் இரவு பதினொன்றரைக்கு அனுப்பும் ஒரு வரிக் கடிதம், 'நாளை பார்த்தால் போதும்' என்று அதில் எழுதியிருந்தாலும், ஐந்து வீடுகளில் ஐந்து பேரைத் திரையின் முன் உட்கார வைக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உங்கள் மேலாளருடன் நேரில் பேசுவது. நீங்கள் அதைத் தள்ளிப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் ஆலோசனை கேட்டவர்களில் பலர் அங்கேதான் நின்றுவிட்டார்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "காலை பத்து மணி, பிற்பகல் இரண்டு மணி, மாலை ஆறு மணி ஆகிய மூன்று வேளைகளில் அஞ்சலைப் பார்த்துப் பதில் அனுப்பிவிடுகிறேன், இடையில் அவசரம் என்றால் என்னைத் தொலைபேசியில் அழையுங்கள், எப்போது அழைத்தாலும் எடுப்பேன்" என்று சொல்லுங்கள். கடைசிப் பகுதிதான் அவருக்கு நம்பிக்கையைத் தரும். அழைப்பு என்பது சற்றுக் கூச்சம் தரும் செயல் என்பதால், உண்மையான அவசரம் இருந்தால் மட்டுமே மனிதர்கள் அதைச் செய்கிறார்கள். நானே ஒரு குழுவில் இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தபோது, முதல் மாதத்தில் எனக்கு வந்த அவசர அழைப்புகள் மூன்று. அவற்றில் ஒன்றுதான் காத்திருக்க முடியாதது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சேவையை இடைவிடாமல் கண்காணிக்கும் முறைப்பணி வாரத்தில் நீங்கள் இருந்தால் இந்த ஏற்பாடு பொருந்தாது; அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

சட்டம் உதவுமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் இது பற்றித் தொழிலாளர்களுடன் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இத்தகைய உரிமை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018இல் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே மக்களவையில் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தார், அது சட்டமாகவில்லை. இங்கே சட்டத்திற்காகக் காத்திருப்பதைவிட, மேற்சொன்ன பேச்சை அடுத்த வாரம் பேசிவிடுவது மேல்.

இப்போது அந்த நிலத்திற்கு வருகிறேன். உண்மையில் நான் எழுத விரும்பியது இதைத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரவியிருந்ததாகக் கணக்கிடப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜூலையில் கரிக்கிலி, பிச்சாவரம் ஆகியவற்றுடன் பள்ளிக்கரணையும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பட்டியலில் உள்ள பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். பன்னாட்டு முக்கியத்துவம் உடைய ஈரநிலம் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஓர் இடம் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. ஒன்பதாவது மாடியிலிருந்து அது பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு விரிப்பாக மட்டுமே தெரியும். கரையில் நின்றால்தான் அதில் யார் வாழ்கிறார்கள் என்று தெரியும்.

ஒரு பறவையை மட்டும் சொல்கிறேன். சம்புப் புற்களின் ஓரத்தில், கோழி அளவில், நீலமும் ஊதாவும் பச்சையும் மாறி மாறி மின்னும் உடலும், தடித்த சிவப்பு அலகும், நெற்றியில் அதே சிவப்பில் ஒரு கேடயமும் கொண்ட நீலத்தாழைக்கோழி ஆண்டு முழுவதும் இருக்கும். முதலில் அது தலையை ஆட்டிக்கொண்டு நடப்பதையும், ஒவ்வோர் அடிக்கும் குட்டை வாலைத் தூக்கி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டுவதையும் பார்ப்பீர்கள். அங்கேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். அது ஒரு தண்டை அலகால் பற்றி இழுத்துப் பிடுங்கும். பிறகு ஒரு காலைத் தூக்கி, நீண்ட விரல்களால் அந்தத் தண்டைக் கையில் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் காலில் நின்றபடி, அடித்தண்டின் வெளுத்த மென்மையான பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். மகள் கரும்பைப் பிடித்துக் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே பிடிதான். பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இன்றும் அந்தக் கால் உயரும்போது என் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

இந்த நிலத்திற்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. அதை எவராலும் ஒத்திவைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்குகின்றன. நீலச்சிறகு வாத்தும் ஊசிவால் வாத்தும் நீர்ப்பரப்பில் தென்படும். மார்ச்சுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் நீரின் ஆழத்தைப் பொறுத்து ஓர் ஆண்டு மிகுதியாகவும் இன்னோர் ஆண்டு குறைவாகவும் இருக்கும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே உண்டு. அதன் பிறகு உதிர்ந்துவிடும். முட்டைகளை அடைகாப்பது ஆண் பறவை. நீங்கள் மூன்று ஆண்டுகள் என்று எழுதியபோது, மூன்று வலசைக் காலங்கள் என்றுதான் நான் படித்தேன்.

நாளுக்குள்ளும் இப்படியொரு அட்டவணை உண்டு. நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்து, நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே கண்டார்கள். கடலோர நிலமான நெய்தலுக்கு அவர்கள் வைத்த பொழுது எற்பாடு. கதிரவன் சாயும் பிற்பகல். கடற்கரையில் அந்த வெயில் நீண்டு சாய்ந்து நீரின் மேல் விழும் காட்சியைக் கண்டவர்களுக்கு அந்தத் தேர்வின் பொருத்தம் புரியும். உங்களுக்கு அந்தப் பொழுது பெரும்பாலும் கூட்டங்களில் போய்விடுகிறது. அமெரிக்காவின் காலை உங்கள் மாலையில்தான் தொடங்குகிறது என்பதால் இப்போதைக்கு அதை மாற்ற முடியாது. ஆகவே காலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். சென்னையில் ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையில் உதித்துவிடுகிறான். ஏழே முக்கால் மணி வெயில் ஏப்ரல், மே, ஜூன் தவிர மற்ற மாதங்களில் தாங்கக்கூடியது. அலுவலக விளக்கில் மேசை மீது விழும் ஒளி, ஒளியை அளக்கும் அலகில் சொன்னால், சில நூறு லக்ஸ். மேகம் மூடிய காலையில்கூட வெளியில் அது பல ஆயிரம் லக்ஸைத் தாண்டும். நம் கண்ணும் தூக்கமும் இந்த ஒளியைக் கொண்டுதான் நாளைத் தொடங்குகின்றன.

காலையில் சமையலும் பள்ளிக்கு அனுப்புவதும் உங்கள் தலையிலேயே விழுகின்றன என்பதை உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். 'ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள்' என்று எவராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். தூக்கத்தைக் குறைத்துப் பெறும் காலைநடை இரண்டு வாரத்தில் நின்றுவிடும். பேருந்து கிளம்பியதற்கும் நீங்கள் குளித்து அலுவலகம் கிளம்புவதற்கும் நடுவில், இன்று கைப்பேசித் திரையில் போகும் நாற்பது நிமிடங்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் கேட்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அந்த நாற்பது நிமிடம், சனிக்கிழமை மகளுடன் ஒரு மணி நேரம். கூட்டினால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பள்ளி நாட்களில் பகல் உணவைக் கட்டும் பொறுப்பை வாரத்தில் அந்த இரண்டு நாட்களாவது கணவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதையும் கேட்டே ஆக வேண்டும்.

வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கத்திலிருந்தும், துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலைப் பக்கத்திலிருந்தும் நீர்ப்பரப்பைப் பார்க்கலாம். வண்டிகள் வேகமாகப் போகும் சாலை என்பதால் நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் பக்கமிருந்து காற்று அடித்தால் நாற்றம் வரும். அன்று மறுபக்கம் போங்கள். முதல் நாளே இருநோக்கி (பைனாகுலர்) வாங்க வேண்டியதில்லை. தொப்பியும் தண்ணீரும் போதும். கைப்பேசியை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் தரவு இணைப்பை அணைத்து வையுங்கள். அழைப்பு வந்தால் வரட்டும். பெயர் தெரியாத பறவையை மகளே வரையட்டும். நிறம், அலகு, கால் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் பெயரை வீட்டில் கண்டுபிடித்துவிடலாம். ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே அதில் சேரலாம். அதற்குள் பத்துப் பறவைகளை அடையாளம் காணும் அளவுக்கு இருவரும் வந்துவிடுவீர்கள்.

இந்தச் சனிக்கிழமையே போவதானால் காலை ஏழு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். சம்பு அடர்ந்திருக்கும் ஓரமாகப் பார்த்து நின்று, சிவப்பு அலகைத் தேடுங்கள். தண்டை இழுத்ததும் எந்தக் காலைத் தூக்குகிறது என்று மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.